பவளத் தொட்டிக்கு எந்த லைட்? அவசரம்

கும்பகோணம்_வெத்தலை · செவ்வாய், இரவு 10.40
வணக்கம். கடல் தொட்டி வைத்திருக்கிறேன். பவளம் சரியாக விரியவில்லை, லைட்தான் பத்தவில்லை என்று நினைக்கிறேன். இரண்டு லைட் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 50 வாட், மற்றது 165 வாட். எது வாங்கலாம்? நாளை மதியத்தோடு ஆஃபர் முடிகிறது. தண்ணீர் எல்லாம் ஓகே. சீக்கிரம் சொல்லுங்கள்.

மன்னை_மீன்காரன் · இரவு 10.52
தொட்டி எத்தனை அடி? உயரம் எவ்வளவு? என்ன பவளம்? இப்போது எந்த லைட் எரிகிறது, எத்தனை மணி நேரம்? தண்ணீர் ஓகே என்பது அளவு இல்லை சார். வெப்பம், உப்பு, நைட்ரேட் மூன்றையும் எண்ணாகச் சொல்லுங்கள்.

தஞ்சை_வயர்மேன் · இரவு 11.05
மீன் கடை லைட் எல்லாம் பணத்துக்குப் பிடித்த கேடு. எலக்ட்ரிக்கல் கடையில் 100 வாட் ஃப்ளட் லைட் ஒன்று வாங்கி மாட்டுங்கள். 10,000 லூமன் வரும். நெல் களத்துக்கே அது போதும், உங்கள் தொட்டிக்குப் போதாதா?

மாயவரம்_டியூப்லைட் · இரவு 11.20
யாரும் டி5 என்கிற மெல்லிய டியூப் லைட் பற்றிப் பேசவே மாட்டீர்களா? எல்இடி ஒரு புள்ளியிலிருந்து அடிக்கும், பாறைக்குப் பாறை நிழல் விழும். டியூப் நீளமாக இருப்பதால் வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இறங்கும். 3 அடித் தொட்டி என்றால் 39 வாட் டி5 அச்சாகப் பொருந்தும். நான்கு டியூப், அதில் இரண்டு நீலம். வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அது மட்டும்தான் செலவு.

மன்னை_மீன்காரன் · இரவு 11.24
அந்த டியூப் இன்றைக்கு எங்கே கிடைக்கிறது என்றும் சொல்லிவிடுங்கள்.

மாயவரம்_டியூப்லைட் · இரவு 11.26
என்னிடம் 11 இருக்கிறது. விற்க மாட்டேன்.

பழையகடல் · இரவு 11.48
வாரத்துக்கு ஒருவர் வந்து இதே கேள்வியைக் கேட்கிறார். பழைய இழைகளைப் படிக்கும் பழக்கம் போய்விட்டது, என்ன செய்வது. எல்இடி வராத காலத்தில் 250 வாட் மெட்டல் ஹாலைடு தொங்கவிட்டு, அதன் சூட்டை இறக்கத் தனியாகக் குளிர்விப்பான் வைத்து பவளம் வளர்த்தவன் நான். சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

வாட் என்பது மின்வாரியத்துக்கு வேண்டிய கணக்கு. லூமன் மனிதக் கண்ணுக்கு வேண்டிய கணக்கு. நம் கண் பச்சையைத்தான் பிரகாசம் என்று எண்ணும், லூமனும் அதைத்தான் கூட்டிக் கணக்குப் போடும். பவளத்தின் தோலுக்குள் குடியிருக்கும் பாசிக்கு வேண்டியது பெரும்பாலும் நீலம், 420 முதல் 480 நானோமீட்டர் வரை. கடலில் சிவப்பு மேலேயே கரைந்துவிடும், ஆழத்துக்கு இறங்குவது நீலம்தான். அதற்குத்தான் அது பழகியிருக்கிறது. ஆகவே ஃப்ளட் லைட் ஆலோசனையை நெல் களத்தோடு வைத்துக்கொள்ளவும்.

தஞ்சை_வயர்மேன் · இரவு 11.55
ஐயா, வெள்ளை எல்இடியே நீலச் சில்லின் மேல் மஞ்சள் பூசியதுதான். அதற்குள்ளும் நீலம் இருக்கிறது. தெரிந்துகொண்டு பேசுங்கள்.

பழையகடல் · நள்ளிரவு 12.03
இருக்கிறது. சாம்பாரில்கூடப் பெருங்காயம் இருக்கிறது.

கும்பகோணம்_வெத்தலை · புதன், காலை 6.50
நன்றி நண்பர்களே. 3 அடித் தொட்டி. பவளத்தில் மஷ்ரூம், பட்டன், லெதர் மூன்று வகை. லைட் வெள்ளை எல்இடி. 165 வாட் வாங்கிவிடவா?

திருவாரூர்_தேர் · காலை 7.15
எதற்கு லைட்? கும்பகோணம் பழைய வீடு என்றால் முற்றம் இருக்குமே. அங்கே வையுங்கள். சூரியனை மிஞ்சிய லைட் உண்டா?

மன்னை_மீன்காரன் · காலை 7.21
கத்திரி வெயிலில் முற்றத்தில் வைத்தால் மாலையில் மீன் குழம்பு தயார். உச்சி வெயிலில் பார் அளவு 2000 பக்கம் போகும், மஷ்ரூமுக்கு 100 தாண்டினாலே அதிகம்.

திருவாரூர்_தேர் · காலை 7.23
பார் அளவா?

மன்னை_மீன்காரன் · காலை 7.30
டாஸ்மாக் பார் இல்லை. பாசிக்குப் பயன்படும் வெளிச்சம் ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு எவ்வளவு விழுகிறது என்கிற அளவு. பவளத் தொட்டிக்காரர்கள் லைட்டைப் பற்றிப் பேசினால் அதைத்தான் பேசுவார்கள்.

வெத்தலை சார், உயரத்தை இன்னும் சொல்லவில்லை. வெப்பமும் சொல்லவில்லை.

நாகை_உப்புக்காத்து · காலை 8.02
உப்பை எதில் அளந்தீர்கள்? மிதக்கும் முள் வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் என்றால் அந்த எண்ணை நம்ப வேண்டாம், குமிழி ஒட்டினாலே தப்பாகக் காட்டும். எங்கள் பக்கம் இறால் குட்டை வைத்திருக்கிற எவரிடமும் ரிஃப்ராக்டோமீட்டர் இருக்கும். ஒரு சொட்டு விட்டுக் கண்ணில் வைத்துப் பாருங்கள், ஆயிரத்துக்கு 35 இருக்க வேண்டும். உப்பு கூடினாலும் குறைந்தாலும் பட்டன் மூடிக்கொள்ளும். பழி லைட் மேல் விழும்.

வேதை_உப்பளம் · காலை 8.40
உப்பு என்றதும் வந்தேன். கடல் தொட்டிக்கென்று விற்கிற டப்பா உப்புக்கு ஏன் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறீர்கள்? கடல் தண்ணீர் காய்ந்தால்தானே உப்பு? அதை மறுபடி கரைத்தால் கடல் தண்ணீர். 1930ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து அள்ளிய உப்பு எங்கள் வேதாரண்யம் உப்பு. அதை விட்டுவிட்டு வெளிநாட்டு வாளிக்கு அலைகிறீர்கள்.

நாகை_உப்புக்காத்து · காலை 8.58
அண்ணே, கோபிக்காதீங்க. பாத்தியில் தண்ணீர் சுண்டும்போது முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியில் இறங்கிவிடும். அதற்குப் பிறகுதான் உப்பு பூக்கும். மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியாக மிஞ்சும் கசப்புத் தண்ணீரோடு போய்விடும். நீங்கள் வாரி எடுப்பது சமையலுக்கு நல்லது, பவளத்துக்கு இல்லை. கடல் தண்ணீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியமும் 1300 அளவுக்கு மக்னீசியமும் இருக்கும். கரைத்த உப்பில் அந்தக் கணக்கு வராது.

வேதை_உப்பளம் · காலை 9.10
தாத்தா காலத்திலிருந்து உப்பளத்தில் நிற்கிறோம். எங்களுக்கே பாடமா தம்பி?

நாகை_உப்புக்காத்து · காலை 9.14
அதனால்தான் உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்கிறேன். கடைசித் தண்ணீரைத் திறந்து விடுகிறீர்களா, இல்லையா? அதில் கையை விட்டால் வழவழ என்று இருக்குமே, அதுதான் மக்னீசியம்.

திருவாரூர்_தேர் · காலை 9.20
அப்படியானால் நேராகக் கடல் தண்ணீரே எடுத்து வரலாமே. தரங்கம்பாடி ஒரு மணி நேரம்.

நாகை_உப்புக்காத்து · காலை 9.33
மாதம் பார்த்து எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு எல்லாம் கடலில் கொட்டும்போது கரையோரத் தண்ணீர் காவிக் கலர். குட்டைக்கு ஏற்றும் வாய்க்கால் தண்ணீர் அப்போது 20க்குக் கீழே காட்டும், கோடையில் அதே வாய்க்கால் 40ஐத் தாண்டும். வயல் உரமும் சேர்ந்தே வரும், தொட்டியில் பாசி பச்சைக் கம்பளமாக ஏறும்.

பழையகடல் · காலை 9.50
இழையின் தலைப்பு லைட். ஞாபகப்படுத்துகிறேன்.

சீர்காழி_சிப்பி · காலை 10.15
தம்பி வெத்தலை, தொட்டியின் முன்பக்கம் ஒரு போட்டோ, மேலிருந்து ஒரு போட்டோ போடுங்கள். எந்தப் பவளம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாமல் லைட் சொல்வது நாடி பிடிக்காமல் மருந்து கொடுப்பது. நீல லைட் போட்டு எடுக்க வேண்டாம், ஒன்றும் தெரியாது.

கும்பகோணம்_வெத்தலை · காலை 11.02
(இரண்டு படங்கள்)
அக்கா இதோ. உயரம் ஒன்றரை அடி. ஆஃபர் இன்னும் ஒரு மணி நேரம்தான்.

மன்னை_மீன்காரன் · காலை 11.06
நடுவில் தொங்குவது என்ன? ஃப்ளட் லைட்டா?

கும்பகோணம்_வெத்தலை · காலை 11.08
ஆமாம். செடித் தொட்டிக்கு வரும் 30 வாட் லைட் முதலில் இருந்தது. பத்தவில்லை என்று போன வாரம் 50 வாட் ஃப்ளட் சேர்த்தேன்.

தஞ்சை_வயர்மேன் · காலை 11.09
நான் சொல்வதற்கு முன்பே செய்திருக்கிறார் பாருங்கள்.

சீர்காழி_சிப்பி · காலை 11.31
ஆஃபர் போனால் போகட்டும் தம்பி. ஆஃபர் அடுத்த மாதமும் வரும்.

படத்தில் தெரிவதைச் சொல்கிறேன். மஷ்ரூம் இரண்டும் பாறை உச்சியில், ஃப்ளட்டுக்கு நேர் கீழே. ஓரம் சுருண்டு, கலர் வெளுத்திருக்கிறது. பட்டன் கொத்து வலது மூலையில் மணலில், பாறை நிழலில். காம்பு நீண்டு தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஆக, ஒரே தொட்டியில் ஒன்று வெளிச்சம் அதிகமாகி வாடுகிறது, ஒன்று வெளிச்சம் இல்லாமல் எட்டிப் பார்க்கிறது. தலைமடையில் வெள்ளம், கடைமடையில் வறட்சி. இதற்கு மேட்டூரில் இன்னும் அதிகமாகத் திறந்து விட்டால் கடைமடை நிறையுமா? தலைமடைதான் மூழ்கும். 165 வாட்டை இப்போது வாங்கி முழுசாக எரித்தால் அதுதான் நடக்கும்.

இன்றைக்கே மஷ்ரூமைக் கீழே மணல் பக்கம் இறக்குங்கள். அதற்கு 50 முதல் 100 பார் போதும். பட்டனைப் பாறையின் நடு உயரத்துக்கு ஏற்றுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பட்டனில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கலாம், தொட்ட கையைக் கண்ணில் வைக்கக் கூடாது, பாறையோடு கொதிக்க வைக்கவே கூடாது. லெதர் பளபளவென்று மெழுகு பூசினாற்போல் மூடியிருக்கிறது, அது தோல் உரிக்கிறது. ஒரு வாரம் ஆகலாம். அலை மோட்டாரைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி விடுங்கள், உரியும் தோல் கழன்று போகும். அதற்கும் லைட்டுக்கும் சம்பந்தம் இல்லை.

ஃப்ளட்டைக் கழற்றுங்கள். நீங்கள் யாரும் பதில் வாங்காமல் விட்டது வெப்பம். மாலை 6 மணிக்கு அளந்து சொல்லுங்கள், காலையில் அளந்தது வேண்டாம்.

பழையகடல் · காலை 11.50
சிப்பி சொன்னது சரி. நான் முதலிலேயே கேட்கவிருந்தேன்.

மாயவரம்_டியூப்லைட் · மதியம் 12.10
டி5 ஆக இருந்தால் இந்தத் தலைமடை, கடைமடைப் பிரச்சினையே வந்திருக்காது. சொல்லிவிட்டேன்.

திருவாரூர்_தேர் · மதியம் 12.40
மாமா ராமேஸ்வரம் போனபோது கொண்டு வந்த வெள்ளைப் பவளப் பாறை ஒன்று வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. பாறையை உயர்த்தி அடுக்க அதைத் தரட்டுமா?

நாகை_உப்புக்காத்து · மதியம் 12.52
தராதீங்க, அதைப் பற்றி இங்கே எழுதவும் எழுதாதீங்க. கல் பவளம் அத்தனையும் 2001லிருந்து வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி இருக்கிற அதே பட்டியல். உயிரில்லாத துண்டும் சேர்த்துத்தான். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986லேயே தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்கள்.

திருவாரூர்_தேர் · மதியம் 12.55
மாமா 1990ல் கொண்டு வந்தார்.

நாகை_உப்புக்காத்து · மதியம் 12.57
மாமாவையும் எழுதாதீங்க.

கும்பகோணம்_வெத்தலை · மாலை 6.20
அக்கா, 31.

சீர்காழி_சிப்பி · மாலை 6.45
அதான் பார்த்தேன். 25, 26ல் இருக்க வேண்டிய தண்ணீர். 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுத்ததும் தண்ணீர் சூடாகித்தான். சூட்டோடு பலமான வெளிச்சமும் சேர்ந்தால் உள்ளே இருக்கிற பாசியைப் பவளமே துப்பிவிடும். மேல் கண்ணாடி மூடியை எடுங்கள், சின்ன மேசை ஃபேன் ஒன்றைத் தண்ணீர் மேல் சாய்வாக வீச வையுங்கள். இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். எங்களைப் போல் கடலோரம் என்றால் காற்றில் ஈரம் அதிகம், அவ்வளவு இறங்காது, கும்பகோணத்தில் இறங்கும். தினமும் சில லிட்டர் ஆவியாகும். குறைந்ததை ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள், உப்புத் தண்ணீரால் நிரப்பாதீர்கள். தண்ணீர் மட்டும்தான் ஆவியாகிறது, உப்பு உள்ளேயே நிற்கிறது.

அப்புறம் லைட். தண்ணீர் 27க்கு வந்து, இரண்டு வாரம் போகட்டும். வாங்கும்போது வாட்டைக் கேட்காதீர்கள். நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியாகக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். நடுவில், ஓரத்தில், அடியில் எவ்வளவு பார் விழும் என்று படம் இருக்கிறதா என்று கேளுங்கள். 3 அடிக்கு நடுவில் ஒரே பெரிய லைட்டைவிட இரண்டு சின்னது நல்லது, பெரும்பாலான ஒற்றை லைட் 2 அடிக்குத்தான் ஒழுங்காகப் பரவும். மாட்டிய முதல் வாரம் 30 சதவீதம், பிறகு வாரம் பத்து பத்தாக. நாளுக்கு 8 மணி நேரம், டைமரில். கிளைக் கல் பவளம் வைப்பவர்களுக்குத்தான் 250, 300 பார் எல்லாம். உங்கள் மூன்றுக்கும் 150 தாண்ட வேண்டியதே இல்லை.

தஞ்சை_வயர்மேன் · மாலை 7.05
பார் மீட்டர் விலை கேட்டேன். லைட்டை விட அதிகம். போனில் லக்ஸ், அதாவது கண்ணுக்குத் தெரியும் வெளிச்ச அளவு, பார்க்கலாமா?

மன்னை_மீன்காரன் · மாலை 7.20
வெள்ளை லைட்டுக்கு உத்தேசமாகப் பார்க்கலாம், லக்ஸை 60, 70ஆல் வகுத்தால் பார் பக்கத்தில் வரும். நீல லைட்டில் போன் ஏமாற்றும், உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். அதை நம்பி லைட்டைக் கூட்டிப் பவளத்தை எரித்தவன் நானே.

வேதை_உப்பளம் · மாலை 8.15
ஒரு வாளி எங்கள் உப்பும் ஒரு வாளி உங்கள் டப்பா உப்பும் கரைத்துக் கால்சியம் சோதித்துப் பார்க்கலாமா? சவால்.

நாகை_உப்புக்காத்து · மாலை 8.17
ஞாயிற்றுக்கிழமை வாங்க அண்ணே. சோதிக்கிற கிட் என்னிடம் இருக்கிறது.

மன்னை_மீன்காரன் · ஆறு நாள் கழித்து, இரவு 9.30
வெத்தலை சார், என்ன ஆச்சு?

கும்பகோணம்_வெத்தலை · பதின்மூன்று நாள் கழித்து, காலை 6.10
ஃபேன் வைத்தேன், 27.5. மஷ்ரூம் ஒன்று விரிந்துவிட்டது, இன்னொன்று போய்விட்டது. லெதர் ஓகே. லைட் இன்னும் வாங்கவில்லை. நன்றி அக்கா.

மன்னை_மீன்காரன் · காலை 6.32
பட்டன்?

நாகை_உப்புக்காத்து · காலை 7.00
அவர் போய்விட்டார். வேதை அண்ணன் வாளிக் கணக்கு மட்டும் சொல்கிறேன்: டப்பா உப்பில் கால்சியம் 420, அவர் உப்பில் கிட் கலரே சரியாக மாறவில்லை. கிட் பழசு என்கிறார்.