சேல்ஸ் டேபிள்ல மொத்தம் கூட்டினா பில் கவுன்டர் நிக்குது, வழி சொல்லுங்க

பாதிரிக்குப்பம்_பையன்:

எல்லாருக்கும் வணக்கம். கடலூர்ல ஒரு மளிகை மொத்த ஏஜென்சில சாஃப்ட்வேர் பாத்துக்குறேன், பாத்துக்குறேன்னா நான் ஒருத்தன்தான், பிரிண்டர்ல பேப்பர் சிக்கினாலும் எனக்குதான் போன் வரும். மொத்தம் 7 கிளை, இந்தப் பக்கம் மஞ்சக்குப்பம், திருப்பாப்புலியூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, பாண்டி பக்கம் வில்லியனூர், அரியாங்குப்பம், முதலியார்பேட்டை. எல்லா கிளையும் ஒரே மைஎஸ்க்யூஎல் 8.0 டேட்டாபேஸ்ல ஓடுது, 6 வருஷ டேட்டா இருக்கு. பில் டேபிள்ல (ஒரு பில்லுக்கு ஒரு ரோ, அதாவது ஒரு வரிசை) ஒரு 42 லட்சம் ரோ, பில்_லைன் டேபிள்ல (பில்லுல இருக்குற ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஒரு ரோ) 3 கோடியே 40 லட்சம்.

முதலாளிக்கு ஒரு ஸ்க்ரீன் இருக்கு, கிளை வாரியா, மாசம் வாரியா, ஜிஎஸ்டி ரேட் வாரியா மொத்தம் காட்டணும். அதுக்கு தனியா ஒரு சுருக்க டேபிள் இருக்கு, ராத்திரி ஒரு தடவ, மத்தியானம் 1 மணிக்கு ஒரு தடவ அந்த டேபிளை ட்ரங்கேட் பண்ணி (மொத்தமா காலி பண்ணி), ரெண்டு பெரிய டேபிளையும் ஜாயின் பண்ணி (இணைச்சு) முழுசா திரும்ப கூட்டி உள்ள போடும். 4 நிமிஷத்துக்கு மேல ஆகுது. ராத்திரி பிரச்சனை இல்ல. மத்தியானம் ஓடும்போதுதான் எல்லா கிளைலயும் பில் சேவ் ஆகாம சுத்திக்கிட்டே இருக்கும், சரியா 50 செகண்ட் கழிச்சு எரர் அடிக்கும், கஸ்டமர் முன்னாடி மானம் போகுது. இதுல அந்த நேரம் பாத்து முதலாளி ஸ்க்ரீனைத் திறந்தா எல்லா கிளைக்கும் விற்பனை 0 ரூபாய்னு காட்டும், உடனே போன்.

ஏன் முழுசா கூட்டுறீங்கன்னு கேப்பீங்க. எனக்கு முன்னாடி இருந்தவரு நேத்து நாளை மட்டும் கூட்டி சேக்குற மாதிரிதான் வச்சிருந்தாரு. 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் வந்துச்சுல்ல, அப்புறம் சாத்தனூர் டேம் திறந்து தென்பெண்ணைல தண்ணி வந்து கடலூரே மிதந்துச்சு, கரண்ட் இல்லாம நாலு கிளைல கைல பில் எழுதி, ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு பழைய தேதி போட்டு ஏத்தினாங்க. அதெல்லாம் சுருக்கத்துல ஏறவே இல்ல, ஆடிட்டர் பாத்துட்டு கணக்கு இடிக்குதுன்னு சொல்ல, ஒரே சத்தம். அதுல இருந்துதான் அழிச்சு அழிச்சு எழுதுறது.

புது சர்வர் வாங்கச் சொல்லலாமா?

ராம்_போடு_ராஜா:

ரேம் எவ்ளோ? இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்ல டேட்டாவைப் பாத்துக்குற இன்ஜின்) பஃபர் பூல், அதாவது டேட்டாவை ரேம்ல வச்சுக்குற இடம், அது சைஸ் எவ்ளோ வச்சிருக்கீங்க? சும்மா இன்ஸ்டால் பண்ணி அப்படியே விட்டிருந்தா 128 எம்பிதான் இருக்கும், அத வச்சு 3 கோடி ரோ கூட்டினா டிஸ்க் அழத்தான் செய்யும்.

பாதிரிக்குப்பம்_பையன்:

16 ஜிபி ரேம். பஃபர் பூல் பாத்தேன்... 128 எம்பிதான் 🙈

வில்லியனூர்_டிபிஏ:

தம்பி, பஃபர் பூலை 8 ஜிபி ஆக்கிடு, ரீஸ்டார்ட் கூட வேணாம், ஓடும்போதே மாத்தலாம், ஆனா கான்ஃபிக் ஃபைல்லயும் எழுதி வை இல்லன்னா அடுத்த கரண்ட் கட்ல பழையபடி போயிடும். அது ஒரு பக்கம். உன் பிரச்சனை அது இல்ல.

நீ எழுதினதுல எனக்கு கண்ல பட்டது அந்த 50 செகண்ட். லாக்னா ஒரு வேலை பிடிச்சு வச்சிருக்குற ரோவை இன்னொண்ணு மாத்த முடியாம போடுற பூட்டு, இன்னோடிபில அதுக்கு காத்திருக்குற டீஃபால்ட் நேரம் 50 செகண்ட். அப்ப டிஸ்க் மெதுவா இருக்கறதால கவுன்டர் நிக்கல, லாக்ல நிக்குது. எரர் மெசேஜ்ல லாக் வெயிட் டைம்அவுட்னு இருக்கான்னு பாரு, கண்டிப்பா இருக்கும்.

எல்லாரும் சொல்வாங்க மைஎஸ்க்யூஎல்ல செலக்ட் பண்ணா (டேட்டாவைப் படிச்சா) லாக் ஆகாதுன்னு. தனி செலக்டுக்கு அது உண்மைதான், பழைய வெர்ஷனைக் காட்டி சமாளிச்சிடும். ஆனா நீ பண்றது இன்சர்ட் செலக்ட், ஒரு டேபிள்ல இருந்து எடுத்து இன்னொன்னுல நேரா கொட்டுறது. ஐசொலேஷன்னு ஒரு செட்டிங் இருக்கு, ஒரே நேரத்துல ஓடுற வேலைங்க ஒண்ணையொண்ணு எவ்ளோ பாதிக்கலாம்னு சொல்றது, அது டீஃபால்ட்டா ரிப்பீட்டபிள் ரீட்ல இருந்தா அது படிக்கிற ஒவ்வொரு ரோவுக்கும், ரோவுக்கு நடுவுல இருக்குற இடைவெளிக்கும் ஷேர்டு லாக் (மத்தவங்க படிக்கலாம், மாத்த முடியாது) போட்டுக்கிட்டே போகும். முழு டேபிளையும் படிக்கிறதால கடைசி ரோவுக்கு அப்புறம் இருக்குற காலி இடமும் லாக் ஆயிடும், புது பில் எல்லாம் அங்கதானே வந்து உக்காரணும்? அதான் ஏழு கிளையும் வாசல்ல நிக்குது.

இன்னைக்கே செய்ய வேண்டியது, அந்த கூட்டுற ஜாப் ஓடுற செஷன்ல (டேட்டாபேஸ் இணைப்புல) மட்டும் ஐசொலேஷனை ரீட் கமிட்டட்னு மாத்து. ஒரே வரி. அப்ப படிக்கிற டேபிள்ல லாக் போடாது. ரெண்டாவது, ட்ரங்கேட்டை தூக்கு. அது டெலீட் மாதிரி டிரான்ஸாக்‌ஷனுக்குள்ள அடங்காது, போட்ட உடனே கமிட் (நிரந்தரம்) ஆயிடும், அதான் உங்க முதலாளிக்கு 0 தெரியுது. டிரான்ஸாக்‌ஷன் ஆரம்பிச்சு டெலீட், அப்புறம் இன்சர்ட், அப்புறம் கமிட், எல்லாம் சேர்ந்து ஒரே வேலை மாதிரி. நடுவுல யார் பாத்தாலும் பழைய கணக்குதான் தெரியும்.

மிச்சத்தை சாயந்தரம் எழுதுறேன், பையன ட்யூஷன்ல விடணும்.

போஸ்ட்கிரஸ்_பித்தன்:

இதுக்குத்தான் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுக்கு வாங்கன்னு சொல்றது. மெட்டீரியலைஸ்டு வியூ (கூட்டின கணக்கை டேபிள் மாதிரி சேத்து வைக்கிறது) 2013லயே வந்துடுச்சு, 2014ல 9.4ல இருந்து கன்கரண்ட்லின்னு போட்டா படிக்கிறவங்களையும் நிறுத்தாம ரிஃப்ரெஷ் ஆகும். மைஎஸ்க்யூஎல்ல அந்த வசதியே கிடையாது.

முத்தியால்பேட்டைக்காரி:

வந்துட்டாருயா. அண்ணா, ரிஃப்ரெஷ் பண்ணா அதுவும் முழு குவெரியையும் (கூட்டுற கட்டளையையும்) திரும்ப ஓட்டத்தானே செய்யும்? அவர் பிரச்சனையே 6 வருஷத்தை தினம் ரெண்டு தடவ கூட்டுறது. வண்டிய மாத்தினா மட்டும் திண்டிவனம் சுத்திப் போற ரூட்டு சுருங்குமா.

நான் வேற ஒண்ணு கேக்குறேன். பில் டேபிள்லயே ஒரு பில்லோட மொத்தம் இருக்கும்ல? கிளை வாரி மாச வாரி மொத்தத்துக்கு எதுக்கு 3 கோடி லைனைத் தொடணும், 42 லட்சம் பில்லைக் கூட்டினாலே போதுமே. ரேட் வாரி பிரிக்கிறதுக்கு மட்டும்தான் லைன் வேணும். அப்புறம் குவெரில தேதிய எப்படி வடிகட்டுறீங்க?

பாதிரிக்குப்பம்_பையன்:

அண்ணா, மெசேஜ் அதேதான், லாக் வெயிட் டைம்அவுட் எக்ஸீடட்!! ரீட் கமிட்டட் போட்டு இன்னைக்கு 1 மணிக்கு ஓட்டினேன், ஒரு கிளைல இருந்தும் போன் வரல. இத்தனை நாளா திட்டு வாங்கிட்டு இருந்தேன்.

அக்கா, ஸ்க்ரீன்ல வருஷம் தேர்ந்தெடுத்தா இயர் ஃபங்ஷன்ல பில்_தேதிய போட்டு 2024க்கு சமமான்னு பாக்குது. தேதிக்கு இண்டெக்ஸ் (சீக்கிரம் தேட வச்சிருக்குற அட்டவணை) இருக்கு, ஆனா எக்ஸ்ப்ளெய்ன் (குவெரி எப்படி ஓடுதுன்னு காட்டுற கட்டளை) போட்டா டைப்ங்கிற காலத்துல (column, நெடுவரிசை) ஆல்னு, அதாவது முழு டேபிளையும் படிக்குதுன்னு வருது.

முத்தியால்பேட்டைக்காரி:

அதான். காலத்தை ஃபங்ஷனுக்குள்ள போட்டா அந்த இண்டெக்ஸ் சும்மா உக்காந்திருக்கும், ஒவ்வொரு ரோவா எடுத்து வருஷம் என்னன்னு கணக்கு போட்டுதான் பாக்கும். காலத்தை தனியா விட்டுட்டு, பில்_தேதி 2024 ஏப்ரல் 1ம் அதுக்கு மேலயும், 2025 ஏப்ரல் 1க்கு கீழன்னு எழுதுங்க. நிதியாண்டும் சரியா வரும், காலண்டர் வருஷத்தை வச்சு முதலாளி என்ன பண்ணப் போறாரு. கடைசி நாளை மார்ச் 31க்குள்ளன்னு எழுதாதீங்க, காலத்துல நேரமும் சேர்ந்து இருந்தா அன்னைக்கு பகல் பூரா போட்ட பில் விட்டுப் போயிடும்.

இண்டெக்ஸை பில்_தேதி, கிளை, மொத்தம் மூணும் சேர்த்து ஒண்ணா போட்டா டேபிள் பக்கமே போகாம இண்டெக்ஸ்லயே கூட்டி முடிச்சிடும்.

வில்லியனூர்_டிபிஏ:

சரி, மிச்சம். முழுசா கூட்டுறதும் தப்பு, நேத்து மட்டும் கூட்டுறதும் தப்பு. எந்த நாள் மாறுச்சோ அந்த நாளை மட்டும் முழுசா திரும்ப கூட்டணும்.

பில் டேபிள்ல கடைசியா மாறின நேரம்னு ஒரு காலம் (column) சேரு, ரோவைத் தொட்டா தானா மாறுற மாதிரி மைஎஸ்க்யூஎல்லயே வசதி இருக்கு, அதுக்கு ஒரு இண்டெக்ஸ். ஜாப் 10 நிமிஷத்துக்கு ஒரு தடவ எழுந்து, போன தடவைக்கு அப்புறம் மாறின பில் எல்லாம் எந்தெந்த தேதி, எந்தெந்த கிளைன்னு ஒரு சின்ன பட்டியல் எடுக்கும். சாதாரணமா இன்னைக்கு தேதி மட்டும்தான் வரும். ஃபெஞ்சல் மாதிரி பழைய தேதில பில் ஏத்தினா அந்த நாளும் தானா பட்டியல்ல வந்துடும். ஒவ்வொண்ணுக்கும் அந்த நாளோட சுருக்கத்தை டெலீட் பண்ணி, திரும்ப கூட்டி, கமிட். உன் கணக்குக்கு ஒரு நாளைக்கு ஏழு கிளையும் சேர்ந்து ஒரு 1,900 பில், 15,500 லைன் வரும், அது கண் சிமிட்டுற நேரம்.

சுருக்கம் எவ்ளோ பெருசுன்னு பாரு, 7 கிளை, 365 நாள், ரேட் ஒரு 4ன்னு வச்சா வருஷத்துக்கு 10,220 ரோ, 6 வருஷத்துக்கு 61 ஆயிரம் சொச்சம். முதலாளி ஸ்க்ரீன் இதை மட்டும் படிச்சா போதும்.

ட்ரிக்கர் (பில் சேவ் ஆனா தானா ஓடுற கட்டளை) வச்சு ஒவ்வொரு பில்லுக்கும் சுருக்கத்துல கூட்டிக்கிட்டே போகலாமேன்னு தோணும். வேணாம். ஒரு கிளைல அஞ்சு கவுன்டர் இருந்தா அஞ்சும் அதே ஒரு ரோவைத்தான் மாத்த வரும், திரும்ப க்யூ நிக்கும். அதுவும் இல்லாம ஒரு தடவ தப்பா கூடிடுச்சுன்னா எங்க தப்புன்னு கண்டுபிடிக்கவே முடியாது. நாளை முழுசா திரும்ப கூட்டினா தப்பு தானா சரியாயிடும்.

மூணு ஓட்டை இருக்கு, சொல்லிடுறேன். பில்லை டெலீட் பண்ணவே கூடாது, ரத்துன்னு கொடி போடணும், டெலீட் ஆன ரோ எப்படி நேரத்தைக் காட்டும்? பில் தேதியைத் திருத்த விடக் கூடாது, 5ம் தேதிய 6ன்னு மாத்தினா 6 மட்டும்தான் பட்டியல்ல வரும், 5ல பழைய தொகை அப்படியே நிக்கும், ரத்து பண்ணி புது பில் போடட்டும். லைனை மட்டும் மாத்தினா பில் ரோவையும் தொடணும். அப்புறம் போன தடவைன்னு பாக்கும்போது ஒரு 15 நிமிஷம் பின்னாடியே போய் பாரு, மெதுவா கமிட் ஆகுற பில் நழுவிடும். ரெண்டு தடவ கூட்டினா ஒண்ணும் கெட்டுப் போகாது.

கணக்குப்புள்ள_மஞ்சக்குப்பம்:

கம்ப்யூட்டர் சமாச்சாரம் எனக்கு அரைகுறை, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுறவன். ரெண்டு விஷயம் சொல்லிடுறேன், இல்லன்னா எவ்ளோ வேகமா கூட்டினாலும் தப்பாதான் கூட்டுவீங்க.

ரேட்டை எங்க இருந்து எடுக்குறீங்க, ஐட்டம் மாஸ்டர்ல இருந்தா? 2025 செப்டம்பர் 22ல இருந்து நெய், வெண்ணெய் எல்லாம் 12ல இருந்து 5க்கு வந்துச்சு, ஷாம்பூ டூத்பேஸ்ட் 18ல இருந்து 5. மாஸ்டர்ல மாத்தின அன்னைக்கே பழைய மாசத்து ரேட் வாரி மொத்தமும் மாறிடும், ஃபைல் பண்ண ரிட்டர்னோட ஒத்துப் போகாது. பில் போட்டப்ப இருந்த ரேட் லைன்லயே நிக்கணும்.

இன்னொண்ணு நம்ம ஊருக்கே உள்ள தொல்லை. கடலூர் ஜிஎஸ்டி நம்பர் 33ல ஆரம்பிக்கும், பாண்டி 34ல. கடலூர் குடோன்ல இருந்து வில்லியனூர் கடைக்கு சரக்கு அனுப்பினா, முதலாளி ஒருத்தர்தான், பான் ஒண்ணுதான், தூரம் ஒரு இருபது சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனா ஜிஎஸ்டி நம்பர் வேற, அதனால சட்டத்துக்கு அது ஒருத்தர் இன்னொருத்தருக்கு வித்த மாதிரி. ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போற சரக்குக்கான ஜிஎஸ்டி) போட்டு பில் போடணும். பண்ருட்டிக்கு அனுப்பினா சலான் மட்டும் போதும். அந்த பாண்டி பில்லும் உங்க பில் டேபிள்லதானே இருக்கு? அதே சரக்கை வில்லியனூர்ல கஸ்டமருக்கு வித்தா இன்னொரு தடவ கூடும். ரிட்டர்ன்ல அது இருக்கணும், முதலாளி பாக்குற விற்பனைல இருக்கக் கூடாது.

பாதிரிக்குப்பம்_பையன்:

ஐயா... குடோன் பில் எல்லாம் மஞ்சக்குப்பம் கிளை பேர்லதான் போகுது. அதனாலதான் மஞ்சக்குப்பம் எப்பவுமே முதல் இடம் போல 😳

ரேட் லைன்லதான் இருக்கு, தப்பிச்சேன். ஆனா தொகை காலம் ஃப்ளோட்ல (தசம எண்ணை தோராயமா வச்சுக்குற வகை) இருக்கு, ஆடிட்டர் மாசா மாசம் சில்லறை இடிக்குதுன்னு சொல்வாரு, அதுவும் இதானா?

முத்தியால்பேட்டைக்காரி:

ஆமா. காசுக்கு ஃப்ளோட் ஆகவே ஆகாது, 10 பைசாவை அதால சரியா வச்சுக்கவே முடியாது, லட்சக்கணக்குல கூட்டும்போது வெளிய தெரியும். டெசிமல் 14, 2ன்னு (மொத்தம் 14 இலக்கம், அதுல 2 பைசாவுக்கு) மாத்துங்க, பெரிய டேபிள்னால நேரம் எடுக்கும், ஞாயித்துக்கிழமை ராத்திரி பேக்கப் எடுத்துட்டு செய்ங்க.

சுருக்கத்துல சராசரிய சேத்து வைக்காதீங்க, தொகையும் பில் எண்ணிக்கையும் வைங்க, வகுத்துக்கலாம். எத்தனை கடைக்காரங்க வாங்கினாங்கன்னு முதலாளி கேட்டா மட்டும் நாள் கணக்கைக் கூட்டிக் காட்டிடாதீங்க, ஒரே கடைக்காரர் மாசத்துல 12 நாள் வந்தா 12 பேராயிடுவாரு. அதை தனியா பில் டேபிள்ல எண்ணிதான் ஆகணும்.

பாதிரிக்குப்பம்_பையன்:

பத்து நாள் கழிச்சு வரேன், மன்னிக்கணும். டெசிமல் மாத்தினது, பில் வகைன்னு ஒரு காலம் சேத்து கிளை மாற்றலை தனியா பிரிச்சது, நாள் வாரி ஜாப், எல்லாம் முடிஞ்சுது. ரோ 90 ஆயிரத்துக்குள்ளதான் இருக்கு, ஸ்க்ரீன் திறந்த உடனே வருது. டிபிஏ அண்ணா சொல்லாத ஒண்ணு நானா பண்ணேன், ஞாயித்துக்கிழமை ராத்திரி மட்டும் பழையபடி முழுசா கூட்டி சுருக்கத்தோட ஒப்பிட்டுப் பாக்குறேன், முதல் வாரமே ஒரு நாள் இடிச்சுது, பாத்தா அரியாங்குப்பத்துல யாரோ நேரா டேட்டாபேஸ்ல புகுந்து ஒரு பில்லை டெலீட் பண்ணிருக்காங்க. யாருன்னு முதலாளி விசாரிச்சுட்டு இருக்காரு.

இப்ப புது தலைவலி, மஞ்சக்குப்பம் மூணாவது இடத்துக்கு இறங்கிடுச்சு. மேனேஜர் அண்ணன் காலைல இருந்து நாலு தடவ போன் பண்ணிட்டாரு, என் சேல்ஸை எங்கடா கொண்டு போய் ஒளிச்சு வச்சன்னு.

கணக்குப்புள்ள_மஞ்சக்குப்பம்:

எனக்கும் பண்ணிட்டாரு தம்பி. இன்சென்டிவ் அந்த நம்பரை வச்சுதானாம்.