சோப்பில் ஆர்கன் எண்ணெய்: டெல்டாப் பக்கத்து அனுபவங்கள்

கும்பகோணத்திலிருந்து:

வீட்டிலேயே சோப்பு செய்கிறவர்கள் மத்தியில் இப்போது, மொரோக்கோ நாட்டு மரக்கொட்டையிலிருந்து எடுக்கிற ஆர்கன் எண்ணெய்ப் பேச்சுதான். நானும் சில வருடங்களாக அதைப் பயன்படுத்துகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கழுவி விடுகிற பொருளில் அதை ஊற்றுவது வீண். தோலிலும் முடியிலும் தங்குகிற பொருளில் சேர்த்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன்.

எண்ணெயோடு காஸ்டிக் சோடாக் கரைசலைக் கலந்துதான் சோப்பு செய்கிறோம். அந்தச் சோடாவுக்கு உசத்தி எண்ணெய், மட்ட எண்ணெய் என்ற பேதமெல்லாம் கிடையாது. எது கிடைத்தாலும் உடைத்துச் சோப்பாகவும் கிளிசரினாகவும் மாற்றிவிடும். கலவையைக் கரண்டியால் எடுத்து மேலே ஊற்றினால் கோடு விழுந்து அழியாமல் நிற்கும் பதம் ஒன்று வரும். அந்த நேரத்தில் ஆர்கனைச் சேர்த்தால் அது அப்படியே தங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்போது சோடாவின் காரம் தீர்ந்திருக்காது. அச்சில் ஊற்றிய பிறகும் அதன் வேலை தொடர்கிறது. கடைசியில் வந்த எண்ணெயையும் அது விடாது.

ஆர்கனிலுள்ள கொழுப்பு அமிலங்களில் ஒலியிக் அமிலம் சுமார் 45 சதவீதம், லினோலியிக் அமிலம் 30 முதல் 35 சதவீதம். நம் நல்லெண்ணெயில் இரண்டும் தலைக்குச் சுமார் 40 சதவீதம். வேர்க்கடலை எண்ணெயும் ஏறக்குறைய இதே இனம்தான். சோப்பாக மாறிய பிறகு இவற்றுக்குள் கைக்குத் தெரிகிற வித்தியாசம் மிகக் குறைவு. சம்பா அறுவடை முடிந்த வயலில் போடுகிற எள்ளைச் செக்கில் ஆட்டி வைத்திருக்கிறோம். அதை விட்டுவிட்டு எங்கே போக வேண்டும்?

நான் செய்வது: தேங்காய் எண்ணெய் 700 கிராம், நல்லெண்ணெய் 200 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம். காஸ்டிக் சோடா 154 கிராம், தண்ணீர் 320 கிராம். இந்த அளவில் எண்ணெயில் 8 சதவீதம் சோப்பாகாமல் மிஞ்சும். தேங்காய் எண்ணெய் அதிகமுள்ள சோப்பு தோலை வறட்டாமல் இருக்க அது அவசியம். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவில் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது. எவர்சில்வர் எடுங்கள், கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். கரைசல் முதலில் பால்போல் கலங்கி, ஆவி கிளம்பி, கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். ஆறும்வரை குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். சோப்பு ஆறு வாரம் காயட்டும்.

காரைக்காலிலிருந்து:

அக்கா சொல்வதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் ஊரில் பாதிக் குடும்பங்களுக்குப் பிரான்சில் உறவு உண்டு. பாரிசிலிருந்து வந்த சித்தி மொரோக்கோக்காரர் கடையில் ஒரு பாட்டில் ஆர்கன் வாங்கி வந்தார். திறந்தவுடன் வறுத்த கடலை வாசனை வீடெங்கும் பரவியது. நிறமும் அடர்த்தியான செம்பழுப்பு. அது சமையலுக்கு உரியது. ஆர்கன் கொட்டைக்குள் இருக்கிற பருப்பை வறுத்து ஆட்டினால் சமையல் எண்ணெய், வறுக்காமல் ஆட்டினால் முகத்துக்கும் முடிக்கும். வறுக்காதது வெளிர் மஞ்சளாக, வாசனை மிக லேசாக இருக்கும். வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். எங்கள் பாட்டிலை ரொட்டியோடு தொட்டுச் சாப்பிட்டுத் தீர்த்தோம், அருமையாக இருந்தது.

ஆர்கன் மரம் மொரோக்கோவின் தென்மேற்கில், அகாதிர், எஸ்ஸவீரா பக்கத்தில்தான் காடாக இருக்கிறது. 1998இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. கொட்டையை அங்குள்ள பூர்வகுடியான அமாசிக் இனப் பெண்கள் கல்லில் வைத்துக் கல்லால் தட்டித்தான் உடைக்கிறார்கள். ஒரு லிட்டருக்கு இரண்டரை, மூன்று கிலோ பருப்பு வேண்டும். அவ்வளவு பெண்களின் கை உழைப்பைக் குளியலறைச் சாக்கடையில் விடுவதற்கு எனக்கும் மனம் வரவில்லை.

பட்டுக்கோட்டையிலிருந்து:

நான் தேங்காய்க்காரன். 2018 கஜா புயலில் எங்கள் பக்கம் தோப்பு தோப்பாகச் சாய்ந்தது. அதன் பிறகுதான் வீட்டில் எண்ணெய், சோப்பு என்று இறங்கினோம். ‘ஆர்கன் சோப்பு இருக்கிறதா’ என்று கேட்டு வருகிறவர்களிடம், இல்லை, தேங்காய் எண்ணெய்ச் சோப்புதான் என்று நேராகச் சொல்கிறேன். கலவையில் நாலு சொட்டு விட்டு அட்டையில் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வாங்குகிறவரை ஏமாற்றுவது. விற்கிற எண்ணம் இருப்பவர்கள் அழகுசாதனப் பொருள்களுக்கான 2020ஆம் வருட விதிகளின்படி உரிமம் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

வேதாரண்யத்திலிருந்து:

எங்கள் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். கடைச் சோப்பு பலவும் நுரைக்காமல் திரிந்துபோய் உடம்பில் ஒட்டும். தேங்காய் எண்ணெய் மிகுந்த சோப்பு மட்டும் இங்கேயும் நுரைக்கிறது. இந்தத் தண்ணீருக்கு ஆர்கனால் ஒன்றும் ஆகாது. அக்காவிடம் ஒரு கேள்வி: ஐப்பசி, கார்த்திகை மழையில் சோப்பின் மேல் வியர்வைபோல் முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்கிறதே, கெட்டுவிட்டதா? ஆர்கனை எதில்தான் சேர்க்கிறீர்கள்?

கும்பகோணத்திலிருந்து:

கெடவில்லை, தம்பி. சோப்பிலுள்ள கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கிறது. துணியால் ஒற்றி எடுத்துக் காற்றாட வையுங்கள். ஆரஞ்சு நிறப் புள்ளி விழுந்து சிக்கு வாடை வந்தால் அதுதான் கெட்டது.

ஆர்கனை நான் உதட்டுத் தைலத்தில் சேர்க்கிறேன். தேன்மெழுகு 10 கிராமையும் தேங்காய் எண்ணெய் 20 கிராமையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, கொதிநீரில் வைத்து உருக்கி இறக்குங்கள். சூடு கொஞ்சம் தணிந்ததும் ஆர்கன் 10 கிராம் விட்டுக் கலக்கி, சின்ன டப்பாக்களில் ஊற்றுங்கள். சித்திரை வெயிலில் லேசாக இளகும், வழியாது. தலைக்குக் குளித்தபின் ஈர முடியின் நுனியில் இரண்டு மூன்று சொட்டு ஆர்கனைத் தனியாகவும் தடவலாம். முதலில் முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்பு, தடிப்பு வந்தால் விட்டுவிடுங்கள். பாட்டிலை அடுப்படியில் வைக்காமல் அலமாரிக்குள் இருட்டில் வையுங்கள்.