மறு: 'காம்பாட் பேட்ச்' – 'களப்படைச் சின்னம்' எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்கத் தரைப்படையினர் வலத் தோளில் அணியும், பேச்சு வழக்கில் 'காம்பாட் பேட்ச்' எனப்படும் துணிச்சின்னத்துக்கு இந்த இழையில் இதுவரை 'போர்வீரச் சின்னம்', 'வாகைச் சின்னம்', 'போர்ப்பட்டை', 'களவழிச் சின்னம்' என நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றை ஒலிநயத்தாலும் சுருக்கத்தாலும் எடைபோட்டு வருகிறோம். அச்சின்னத்தை யார் அணியலாம், அணிவோர் எந்தப் பிரிவின் சின்னத்தை அணியலாம் என்பதை அந்தப் படை எப்படி முடிவு செய்கிறது என்று பார்த்துவிட்டால், இவற்றுள் சில தாமாகவே உதிர்ந்துவிடும் என்பது என் எண்ணம். எனவே விதிகளிலிருந்தே தொடங்குகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்தருள்க.

அமெரிக்கத் தரைப்படை வீரரின் சீருடையில் இடத் தோளில் இருப்பது அவர் இப்போது பணியாற்றும் பிரிவின் சின்னம். வலத் தோளில் இருப்பது, அவர் முன்பு ஒரு போர்க்களத்துக்குச் சென்றிருந்தால், அப்போது அவர் எந்தப் பிரிவோடு இருந்தாரோ அதன் சின்னம். இன்றைய களச்சீருடையின் வலக்கையில் மேலே நாட்டுக்கொடி இருக்கும். அதன் விண்மீன்கள் உள்ள பகுதி முன்னோக்கி இருக்கும்படி கொடியைத் திருப்பிப் பொருத்தியிருப்பார்கள். அதற்குக் கீழே, வெல்க்ரோ ஒட்டிய இடத்தில், நாம் பேசும் சின்னம் வரும். இடப்புறம் இன்றைய முகவரி, வலப்புறம் பழைய முகவரி என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒன்றாகவே இருப்பதும் உண்டு. 82ஆவது டிவிஷனோடு களத்துக்குப் போய்வந்தவர் இன்றும் அதே டிவிஷனில் இருந்தால் இரு தோளிலும் ஒரே சின்னம்தான். ஆக, துணியிலோ வரைவிலோ எந்த வேறுபாடும் கிடையாது. அது தைக்கப்படும் பக்கமே பொருளை மாற்றுகிறது. நாம் ஆக்கும் சொல், பொருளின் வடிவத்தைக் காட்டிலும் அந்த இடத்துக்குரிய பொருண்மையைச் சொல்ல வேண்டும் என்பதற்கு இது முதற்காரணம்.

பிரிவின் சின்னத்தைத் தோளில் அணியும் வழக்கம் முதல் உலகப்போரில் தோன்றியது. 1918இல் பிரான்சுக்குச் சென்ற 81ஆவது டிவிஷன் காட்டுப்பூனை உருவத்தைத் தோளில் தைத்துக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே ஏனைய டிவிஷன்களுக்கும் சின்னம் அணிய ஒப்புதல் கிடைத்தது. தம் படையைப் பிறிதிலிருந்து பிரித்தறிவதற்கான அடையாளம் என்பதே அதன் தொடக்க நோக்கம். சேரர் போந்தையும் பாண்டியர் வேம்பும் சோழர் ஆரும் (ஆத்திப்பூ) சூடிப் போருக்குச் சென்றதும் இதே நோக்கத்தில்தான். அந்தப் பூக்கள் படையின் அடையாளம். வெற்றியைக் குறிக்க வாகை தனியே இருந்தது. 'வாகைச் சின்னம்' என்று முன்மொழிந்த நண்பர் புறத்திணை மரபுக்குள் சென்றது சரியான வழி. ஆனால் எடுத்த பூ மாறிவிட்டது. வெற்றியோ தோல்வியோ இச்சின்னத்துக்கு ஒரு பொருட்டே அன்று. வியட்நாமுக்குச் சென்ற லட்சக்கணக்கானோர் இதை அணிய உரிமை பெற்றவர்கள். அவர்களை வாகை சூடியவர்கள் என்று எந்த வரலாற்று நூலும் சொல்லாது.

பழைய பிரிவின் சின்னத்தை வலத் தோளில் அணியும் வழக்கம் இரண்டாம் உலகப்போரின் இறுதிக் கட்டத்தில் நிலைபெற்றது. அதன் அலுவல்முறைப் பெயர் நெடுங்காலமாக 'முன்னைப் போர்க்காலப் பணிக்கான தோட்கைச் சின்னம்' என்ற பொருளில் இருந்து, பின்னர் 'பகைச்சூழலில் நடக்கும் படை நடவடிக்கைகளுக்கான சின்னம்' என்ற பொருளுக்கு மாறியது. பெயரை ஏன் மாற்றினார்கள் என்பதை விதிகளில் உள்ள கால எல்லைகளைப் பார்த்தாலே ஊகிக்கலாம். இரண்டாம் உலகப்போருக்கான காலம் 1941 டிசம்பர் 7 முதல் 1946 செப்டம்பர் 2 வரை. ஜப்பான் சரணடைந்து சரியாக ஓராண்டு கழிந்த நாள் வரை அது நீள்கிறது. கொரியப் போருக்கான காலமும் 1950 ஜூன் 27இல் தொடங்கி, போர்நிறுத்தம் கையெழுத்தாகி ஓராண்டு முடிந்த 1954 ஜூலை 27 வரை செல்கிறது. வியட்நாமுக்கு 1958 ஜூலை 1 முதல் 1973 மார்ச் 28 வரை. மறுபுறம் கிரனடாவுக்கு 1983இல் ஒரு மாதத்துக்கும் குறைவு. பனாமாவுக்கு 1989 டிசம்பர் 20 முதல் 1990 ஜனவரி 31 வரை மட்டுமே. இவற்றுள் பலவற்றுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் முறைப்படி போர் அறிவிக்கவே இல்லை. 1946 ஆகஸ்டில் துப்பாக்கி ஓய்ந்த ஒரு நகரில் காவல் நின்றவருக்கும் தகுதி உண்டு. எனவே 'போர்' என்னும் சொல் இங்கே ஒருபக்கம் குறைவாகவும் மறுபக்கம் மிகையாகவும் நிற்கிறது. விதி கேட்பது, வரையறுத்த காலத்தில் வரையறுத்த நிலப்பரப்பில் அவர் இருந்தாரா என்பதைத்தான். அதற்குக் 'களம்' என்பதே பொருந்தும்; ஏர்க்களமோ போர்க்களமோ, எல்லை வகுத்து ஒரு செயலுக்கென ஒதுக்கிய இடம் களம்.

'போர்வீரச் சின்னம்' என்பதில் உள்ள இடர்ப்பாடு இன்னும் பெரியது. இச்சின்னம் விருதும் அன்று, பதக்கமும் அன்று. நேரடிச் சண்டையில் ஈடுபட்ட காலாட்படையினருக்கென நீலநிறப் பின்னணியில் துப்பாக்கி பொறித்த தனி அடையாளம் இருக்கிறது. பகைவரின் தாக்குதலில் காயமுற்றவருக்கு ஊதா இதயப் பதக்கம் இருக்கிறது. வீரச்செயலுக்கு வெள்ளி விண்மீன் முதலியவை இருக்கின்றன. வலத் தோள் சின்னமோ சமையற்காரருக்கும் எழுத்தருக்கும் லாரி ஓட்டுநருக்கும், அவர்களுடைய பிரிவு களத்தில் இருந்தால், அப்படியே உரியது. 'வீரம்' என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால், வாசகர் ஒரு முதியவரின் தோளைப் பார்த்தவுடன் அவர் என்ன செய்தார் என்று எண்ணுவார். சின்னமோ அவர் யாரோடு இருந்தார் என்பதற்கு மட்டுமே சான்று.

அந்த 'யாரோடு' என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. சின்னம் வைத்துக்கொள்ளும் உரிமை பெரும்பாலும் டிவிஷன், கோர், தனித்தியங்கும் பிரிகேடு ஆகிய பெரிய அமைப்புகளுக்கே உண்டு. பட்டாலியனுக்கும் கம்பெனிக்கும் பொதுவாக இல்லை. ஒரு வீரரோ ஒரு கம்பெனியில் இருப்பார்; அந்தக் கம்பெனி ஒரு பட்டாலியனில் இருக்கும்; அது களத்தில் வேறொரு டிவிஷனுக்குத் துணையாகச் சண்டையிடும். எடுத்துக்காட்டாக, வியட்நாமில் லாங் பின்னில் தலைமையிடம் கொண்டிருந்த இரண்டாம் ஃபீல்டு ஃபோர்ஸ் என்னும் பெரிய படை அமைப்பின் கீழ் ஒரு பீரங்கிப் பட்டாலியன் இருந்ததாகக் கொள்வோம். அது ஓராண்டு முழுவதும் கூச்சியில் இருந்த 25ஆவது காலாட்படை டிவிஷனுக்காகவே குண்டு வீசியது. 25ஆவது டிவிஷன் ஹவாயில் உருவானது. அதன் சின்னம் சிவந்த சேப்பங்கிழங்கு இலையும் நடுவே மின்னலும். அதை வீரர்களே 'மின்சார ஸ்ட்ராபெர்ரி' என்று கேலி செய்வார்கள். அந்தப் பீரங்கி வீரரின் நினைவு முழுவதும் கூச்சியாகவே இருக்கும். சேம்பிலைச் சின்னத்தை அணியவே அவர் மனம் விரும்பும். ஆயினும் ஒரு டிவிஷனுக்கு ஆதரவாகச் சுடுவது வேறு, ஆணையின்மூலம் அந்த டிவிஷனோடு இணைக்கப்படுவது வேறு. இணைப்பாணை இல்லையென்றால் அவருக்கு உரியது இரண்டாம் ஃபீல்டு ஃபோர்ஸின் சின்னமே.

2007இல் வந்த திருத்தம் இதைச் சற்று ஒழுங்குபடுத்தியது. கம்பெனி அளவிலோ அதற்கு மேலோ ஒரு பிரிவாகக் களத்துக்குச் சென்றவர்கள் தம் பிரிவுக்குரிய சின்னத்தையே அணிவர். சிறு குழுவாகவோ தனி ஆளாகவோ சென்றவர்கள், களத்தில் தாம் நியமிக்கப்பட்ட அல்லது இணைக்கப்பட்ட அல்லது யாருடைய செயற்கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டார்களோ அந்தப் பிரிவின் சின்னத்தை அணிவர். ஆனால் அது கம்பெனி நிலைக்குக் குறையாததாக இருக்க வேண்டும். அப்பிரிவுக்கென்று தனிச் சின்னம் இல்லாவிட்டால், களத்தின் கட்டளை வரிசையில் ஒவ்வொரு படியாக மேலேறி, சின்னமுள்ள முதற்பிரிவில் நிற்க வேண்டும். தாயகத்தின் கட்டளை வரிசை இங்கே கணக்கில் வராது. ஒன்றுக்கு மேற்பட்ட சின்னங்களுக்குத் தகுதி பெற்றவர் தாம் விரும்பும் ஒன்றை அணியலாம். எதையுமே அணியாமலும் இருக்கலாம்.

இதனால், கலைச்சொல் என்ற அளவில், நமக்கு மூலச்சொல்லோடு அதன் சுற்றமும் தேவைப்படுகிறது. நிலையாகப் பணியமர்த்துவதற்கு 'நியமனம்', தற்காலிகமாகச் சேர்ப்பதற்கு 'இணைப்பு', கட்டளையிடும் அதிகாரம் மட்டும் கைமாறுவதற்குச் 'செயற்கட்டுப்பாடு' என மூன்றையும் கலக்காமல் ஆள வேண்டும் என்று வேண்டுகிறேன். நாளிதழ்களில் மூன்றுக்குமே 'சேர்க்கப்பட்டார்' என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் மேற்கண்ட பீரங்கி வீரரின் வழக்கைத் தமிழில் விளக்கவே முடியாது.

முன்னாள் வீரர் விஷயத்தில் இன்னொரு படி கூடுகிறது. மதிப்புடன் விடுவிக்கப்பட்டவர்கள் இறுதிச் சடங்கு, திருமணம், நினைவுநாள் அணிவகுப்பு போன்றவற்றில் சீருடை அணிய விதிகள் இடந்தருகின்றன. அப்போது அவருடைய வலத் தோளில் எது வர வேண்டும் என்ற வினா எழுகிறது. விடுவிப்புச் சான்றான 'டிடி 214' படிவத்தில் பதக்கங்களும் வெளிநாட்டுப் பணிக்காலமும் கடைசியாகப் பணியாற்றிய பிரிவும் இருக்கும். விருது அன்று என்பதால் வலத் தோள் சின்னம் பெரும்பாலும் அதில் பதிவாகாது. கடைசிப் பிரிவு களப்பிரிவாக இருக்க வேண்டியதும் இல்லை. வியட்நாமிலிருந்து திரும்பி டெக்சாஸில் சில மாதங்கள் இருந்து விலகியவரின் படிவம் டெக்சாஸைத்தான் காட்டும். ஆகவே இடமாற்ற ஆணைகள், பிரிவின் அன்றாடக் காலைப் பதிவேடுகள், பிரிவின் வரலாறு ஆகியவற்றைத் தேடிப் பொருத்த வேண்டும். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் ஏற்பட்ட தீயில், 1912 முதல் 1960 வரை விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அழிந்தன. இரண்டாம் உலகப்போர் வீரர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தனிக்கோப்பு கிடைக்காமல் காலைப் பதிவேடுகளைப் புரட்டுவது இதனால்தான். இந்தத் தேடலுக்கும் முடிவுக்கும் 'அணிதகுதி' என்ற சொல்லை முன்வைக்கிறேன். 'அணிதகுதி அறிதல்', 'அணிதகுதிச் சான்று' என்று அது இயல்பாக விரியும்.

எஞ்சிய சொற்களையும், யாருக்கும் தோன்றக்கூடிய வேறு சிலவற்றையும் பற்றிச் சுருக்கமாக. 'போர்ப்பட்டை' வேண்டாம், பட்டை என்றால் படைநிலையைக் காட்டும் கோடுகளே நினைவுக்கு வரும். 'ஒட்டு' என்றால் கிழிந்த சட்டை. 'தோட்சின்னம்' புணர்ச்சிப்படி சரியானதே. காதுத் தோட்டை நினைக்காமல் படிப்பவர் எத்தனை பேர் என்று தெரியவில்லை. 'களவழி' எனக்கும் பிடித்த பழஞ்சொல்தான். ஆனால் இன்றைய வாசகர் அதைக் 'களவின் வழியே வந்தது' என்று பிரித்துப் படித்துவிடுவார். போகாத போருக்குச் சின்னம் அணிந்து திரிவோரைச் சுட்ட வேண்டுமானால் அதை எடுத்துவைத்துக்கொள்ளலாம்.

என் முன்மொழிவு 'களப்படைச் சின்னம்'. களத்தில் அவர் எந்தப் படையோடு இருந்தாரோ அந்தப் படையின் சின்னம் என்று விரியும். இடத் தோளில் இருப்பதைப் 'பணிப்படைச் சின்னம்' என்று கொண்டால் இரண்டும் இணையாக நிற்கும். பொதுவாகக் குறிக்கும்போது 'படைச் சின்னம்' போதும். 'களப்படை' என்பதைக் களத்தில் இறங்கும் படை என்ற பொதுப்பொருளில் சிலர் ஏற்கெனவே ஆள்கிறார்கள், ஃபீல்டு ஃபோர்ஸுக்கும் அதுவே மொழிபெயர்ப்பாகிவிடுமே என்று மறுப்பு வரக்கூடும். ஃபீல்டு ஃபோர்ஸ் வியட்நாமில் குறிப்பிட்ட அமைப்புகளின் இடுபெயர். மேலே நான் செய்ததுபோல அதை ஒலிபெயர்த்தே எழுதலாம். 'களப்பணிச் சின்னம்' என்று மாற்றி இம்மறுப்பைத் தவிர்க்க முயன்றால், கணக்கெடுப்புக்குச் சென்ற ஊழியருக்குக் கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

ஒன்று மட்டும் தீரவில்லை. நீலநிறச் சேவைச் சீருடையில் சட்டைக்கையில் துணிச்சின்னம் தைப்பதில்லை. அதற்கு ஈடாக அதே உருவத்தை உலோகத்தில் வார்த்து வலமார்பில் அணிகிறார்கள். பின்னர் வந்த பச்சைநிறச் சேவைச் சீருடையில் துணி மீண்டும் தோளுக்கு வந்துவிட்டாலும் உலோக வடிவத்துக்கும் பெயர் வேண்டியிருக்கிறது. நம் அலுவலகங்களில் டவாலியில் கோத்த பித்தளைத் தகட்டை 'வில்லை' என்றே சொல்லிவந்தோம். அதைக்கொண்டு 'களப்படை வில்லை' என்று ஆக்கலாம் என நினைக்கிறேன். மாத்திரையையும் கண்ணாடி வில்லையையும் அது நினைவூட்டுமா, அல்லது 'களப்படை' என்ற அடை அந்த ஐயத்தைப் போக்கிவிடுமா என்று உறுப்பினர்கள், குறிப்பாகச் சீருடைப் பணியில் இருந்தவர்கள், எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்.