பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாமா? மகனுக்கு 9 வயது, ஆட்டிசம்

பெரம்பூர்_அம்மா:
வணக்கம். மகன் மூன்றாம் வகுப்பு. பேச்சு குறைவு, வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுவான். பாதி நாள் பதினோரு மணிக்கெல்லாம் பள்ளியிலிருந்து போன் வந்துவிடும், "வந்து கூட்டிக்கிட்டுப் போங்க" என்று. கூடவே உட்கார ஒரு ஆள் வையுங்கள், சம்பளமும் நீங்களே கொடுங்கள் என்கிறார்கள். பேசாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நானும் கணவரும் முக்கால்வாசி முடிவுக்கு வந்துவிட்டோம்.

கோடை விடுமுறையில் ஒத்திகை பார்த்தேன். ஒர்க்‌ஷீட் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் கிழித்து ஜன்னல் வழியாகப் போட்டுவிடுகிறான். ஆனால் பஸ் என்றால் உயிர். எழுத்துக் கூட்டத் தெரியாதவன், 29சி தூரத்தில் வரும்போதே கை காட்டுகிறான்.

ஒரு படுக்கையறை, ஒரு கூடம், மாமியார், விடியற்காலையில் ஸ்ரீபெரும்புதூர் ஷிப்டுக்குக் கிளம்பும் கணவர். இதுதான் வீடு. நாள் முழுக்க இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பின்னால் பத்தாவது எழுத முடியுமா?

அம்பத்தூர்_சித்தப்பா:
அவசரப்படாதீர்கள் சகோதரி. வீட்டிலேயே இருந்தால் மற்ற பிள்ளைகளோடு எப்படிப் பழகுவான்? அண்ணன் மகளுக்கு வேறு பள்ளி தேடித்தான் சரியானது. இன்னும் ஒன்றிரண்டு இடம் கேட்டுப் பாருங்கள்.

மொட்டைமாடி_அக்கா:
சித்தப்பா சொல்வது நியாயம்தான். ஆனால் பதினோரு மணிக்குத் திருப்பி அனுப்புகிற இடத்தில் மட்டும் யாரோடு பழகப்போகிறான்? என் பையனுக்கு இப்போது 16 வயது, அவனுக்கும் ஆட்டிசம்தான். மடிப்பாக்கத்தில் வீட்டோடுதான் படிப்பு.

முதலில் ஒர்க்‌ஷீட்டை மூட்டை கட்டுங்கள். வீட்டில் யாருக்காவது உண்மையிலேயே தேவைப்படுகிற வேலையைக் கொடுங்கள். ஒப்புக்குக் கொடுக்கும் வேலை இந்தப் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும். மணியைக் கோக்கச் சொல்லி, கோத்ததும் உருவிப்போட்டு மறுபடியும் கோக்கச் சொன்னால் நானும்தான் கிழிப்பேன்.

எங்கள் வீட்டில் தண்ணீர் கேன் அவன் இலாகா. வாசலில் இறக்கும் 20 லிட்டர் கேனைச் சமையலறை வரை உருட்டிக்கொண்டு வருவான். கனமானதைத் தள்ளுவது, இழுப்பது, பிழிவது எல்லாம் தசைக்கும் மூட்டுக்கும் அழுத்தம் கொடுக்கும், நிறையப் பிள்ளைகளுக்கு அதில் உடம்பு கொஞ்சம் அடங்கி வரும். ஆக்குபேஷனல் தெரபி என்கிற செயல்முறைச் சிகிச்சையிலும் இதைத்தான் செய்கிறார்கள். உங்கள் பிள்ளை சின்னவன், முழு கேன் வேண்டாம். காலி கேனை வாசலில் வைக்கட்டும். பாதி பக்கெட் ஈரத்துணியை மாடிக்குத் தூக்கி வரட்டும். துணிக்குக் கிளிப் போடுவது இன்னும் விசேஷம், பென்சில் பிடிக்கிற அதே விரல்களுக்குத்தான் அங்கே வேலை.

இட்லிக்கு அரிசி நாலு ஆழாக்கு, உளுந்து ஒரு ஆழாக்கு. அளந்து ஊறவைப்பது அவன் பொறுப்பு. விகிதம் என்ற பாடம் வந்தபோது எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றவில்லை. கிரைண்டர் சத்தம் ஆகாது, காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். அவன் மாடியில் இருக்கும்போது நான் அரைத்துவிடுவேன்.

செல்போனில் உங்கள் வீட்டு பக்கெட்டையே, உங்கள் வீட்டு ஆழாக்கையே படம் எடுங்கள். நெட்டில் கிடைக்கும் பொம்மைப் படம் வேண்டாம். பிரிண்ட் போட்டு, வெல்க்ரோ வைத்து, பீரோ கதவில் வரிசையாக ஒட்டுங்கள். ஒரு வேலை முடிந்ததும் அந்தப் படத்தை அவனே எடுத்து டப்பாவில் போடவேண்டும். கடைசிப் படம் பஸ்ஸாக இருக்கட்டும், நிஜமாகவே கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்புறம், பஸ் போர்டுதான் உங்கள் அரிச்சுவடி. 29சி எங்கிருந்து எங்கே போகிறது? பெரம்பூர், பெசன்ட் நகர். இரண்டும் 'பெ'! இதைவிடத் தோதாக எந்தப் பாடப்புத்தகம் ஆரம்பிக்கும்?

காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் கொஞ்சம், அவ்வளவு போதும். மீதி நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் படுத்திருக்கட்டும். நீங்களும் பக்கத்தில் படுங்கள்.

கோட்டூர்புரம்_அப்பா:
அக்கா வீட்டைச் சொல்லிவிட்டார், நான் காகிதத்தைச் சொல்கிறேன். டிசி வாங்கிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் கொண்டுவந்த திருத்தப்படி, பல்வகைக் குறைபாடோ கடுமையான குறைபாடோ உள்ள பிள்ளை வீட்டிலிருந்தே படிக்கலாம். என் மகளுக்கு மூளை முடக்குவாதம். பெயர் அரசுப் பள்ளிப் பதிவேட்டில், படிப்பு வீட்டில். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வந்து பார்க்கிறார்கள். உங்கள் மகன் இதில் வருவானா என்று வட்டார வள மையத்தில் கேளுங்கள். யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லையென்றால் அதற்கு முதலில் விண்ணப்பியுங்கள், குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால்தான் பல சலுகைகள் கிடைக்கும்.

பத்தாவதுக்கு என்ஐஓஎஸ் என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயது ஆகியிருக்க வேண்டும். ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்கவேண்டும். கணக்கு கட்டாயம் இல்லை. ஓவியம், மனையியல் எல்லாம் எடுக்கலாம். வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு, ஒவ்வொரு பாடமாகவும் முடிக்கலாம். பதிவு 5 வருடம் செல்லும்.

நேரில் ஒரு மதிப்பீடு வேண்டுமென்றால் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம் நிப்மெட் இருக்கிறது. பெரம்பூரிலிருந்து தூரம்தான். எங்கள் பக்கம் மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யா சாகர் அமைப்பும் 1985இலிருந்து இருக்கிறது.

பெரம்பூர்_அம்மா:
இருவருக்கும் நன்றி. அந்த 'பெ' எனக்கு இத்தனை நாள் தோன்றவே இல்லை. கிளிப் வேலையை ஆரம்பித்தேன் அக்கா, மாமியார் பிடித்துக்கொண்டார். "ஆம்பளப் பிள்ளையைத் துணி காயப்போட விடறியா?" என்கிறார்.

மொட்டைமாடி_அக்கா:
எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கிளிப் டப்பாவை அத்தை மடியில் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு கிளிப்பையும் அவரிடம்தான் அவன் வாங்கவேண்டும். வாயால் கேட்கும்வரை கொடுக்காமல் பிடித்துவைக்க வேண்டாம், கை நீட்டினாலே கொடுக்கட்டும், கொடுக்கும்போது "கிளிப்" என்று அவர் சொல்லட்டும். என் மாமியாரும் இப்படித்தான் ஆரம்பித்தார், இப்போது அந்த டப்பாவை நான் தொட்டால் அவருக்குக் கோபம் வருகிறது. மரக் கிளிப்பாக வாங்குங்கள். பிளாஸ்டிக் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் உடைந்துவிடும்.