பறக்கும் பாய்மரப் படகுகள்: உங்கள் கருத்து என்ன?

கேள்வி (காப்பார் ஊர் வாசகர்):
2024இல் பார்சிலோனாவில் நடந்த அமெரிக்கக் கோப்பைப் பாய்மரப் படகுப் பந்தயத்தில் நியூசிலாந்து 7–2 என வென்றதைக் குடும்பத்தோடு பார்த்தேன். நீரைத் தொடாமல் பறக்கும் அந்த வேகம் வியக்க வைத்தாலும், பாயை மாற்றிக் கட்டும் மாலுமிகளைக் காண முடியாதது மனத்தை உறுத்துகிறது. உங்களுக்கும் அப்படித்தானா?

பதில் 1:
இல்லை ஐயா. நீரடி இறக்கைகள் படகின் உடலைத் தூக்கியதும் நீரின் இழுவை வெகுவாகக் குறைவதால், இப்படகுகள் காற்றின் வேகத்தையே மிஞ்சி, மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டுகின்றன. 2013இல் 1–8 எனப் பின்தங்கிய அமெரிக்காவின் ஆரக்கிள் அணி 9–8 என வென்றதும் பறக்கும் படகில்தான்.

பதில் 2:
முதலில் பதில் தந்த அண்ணன் சொல்வது சரி. ஆயினும் 2024இல் நால்வர் படகின் குழிக்குள் குனிந்து மிதிவண்டிபோல் மிதித்துப் பாயை இயக்கும் எண்ணெய் அழுத்தம் உண்டாக்கியதை என்னால் பாய்மரக் கலையாக ஏற்க இயலவில்லை. காற்று தளர்ந்து படகு நீரில் அமர்ந்துவிட்டால், பந்தயமே செத்துவிடுகிறது.

பதில் 3:
கிள்ளான் துறைமுகத்திலிருந்து லங்காவிக்குச் செல்லும் மலேசியாவின் ராஜா மூடா பாய்மரப் படகுப் பந்தயத்தைப் பாருங்கள். அங்கே மெல்லிய காற்றையும் நீரோட்டத்தையும் கணிப்பவரே முந்துகிறார்.