சிங்கப்பூர் – நியூயார்க்: காலை ஆறு மணிக்கு இறங்குவேன் என்றேன்

மன்னைக்காரன்:
நேரடி விமானம்தான். போன ஜூனில் வேலை விஷயமாகப் போனேன். மன்னார்குடியில் இருக்கும் அம்மாவிடம், "ராத்திரி பதினொன்றரைக்கு ஏறுறேன், காலையில ஆறு மணிக்கு இறங்கிடுவேன்மா" என்று சொல்லிவிட்டேன். டிக்கெட்டில் அப்படித்தான் இருந்தது. அது நியூயார்க்கின் ஆறு மணி என்று சொல்லத் தோன்றவில்லை. அப்போது நம் ஊரில் பிற்பகல் மூன்றரை. ஒன்பதரை மணி நேரம் அம்மா என் போனுக்கு அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். இறங்கியதும் வரிசையாகக் குரல் பதிவுகள். முதலில், "இறங்கிட்டியாப்பா?" கடைசிப் பதிவில் பேச்சே இல்லை. கூடத்துச் சுவர்க்கடிகாரம் மூன்று அடிப்பது மட்டும் கேட்டது. 15,300 கி.மீ. என்று ஊரெல்லாம் சொன்னேன். பதினெட்டரை மணி நேரம் பறப்பேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

ஜூரோங்வாசி:
15,300 என்பது உலக உருண்டையில் நூல் பிடித்து அளந்த தூரம். அந்த நூல் வடதுருவத்தை ஒட்டிப் போகும். விமானம் பெரும்பாலும் அப்படிப் போவதில்லை. ஜப்பான் பக்கம் ஏறி, பசிபிக்கின் மேல், மேற்கிலிருந்து கிழக்கே வீசும் மேலைக்காற்றைப் பிடித்துக்கொண்டு போகும். தூரம் 16,000-ஐத் தாண்டினாலும் காற்று தள்ளிவிடுவதால் நேரம் மிச்சம். நான் போன அன்று திரையில் பின்காற்று மணிக்கு 210 கி.மீ. ஜன்னலில் இரண்டு விடியல் பார்த்தேன். நடுவில் பசிபிக்கின் தேதிக்கோட்டைத் தாண்டியதால் (கிழக்கே கடந்தால் தேதி ஒரு நாள் பின்னே போகும்) இரண்டுக்கும் ஒரே தேதி. ஆகவே தூரத்தைச் சொன்னாலும் அம்மாவுக்கு நேரம் விளங்கியிருக்காது.

வடக்குவாசல்:
இரண்டு ஊர்களுக்கு இடையிலான தூரம் மாறாமலே பறக்கும் நேரம் மாறும். டோக்கியோ–ஹெல்சின்கி சுமார் 7,800 கி.மீ. 2019-இல் ரஷ்யாவின் மேலே பறந்து பத்து மணி நேரத்தில் வந்தேன். 2022-இல் அந்த வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டது. அடுத்த முறை அலாஸ்கா பக்கம் சுற்றி, வடதுருவத்தைத் தாண்டிப் பதின்மூன்று மணி நேரம். துருவத்தைக் கடந்ததற்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். பக்கத்து இருக்கைப் பாட்டி அதை வாங்கி, மடிக்காமல் கைப்பைக்குள் வைக்க அரைமணி நேரம் பாடுபட்டார். இன்னும் கண்ணில் நிற்கிறது.

ரிவர்வேல் ராணி:
எனக்கும் ஒரு முறை இப்படி ஆகி, மாமனார் இரவெல்லாம் தூங்கவில்லை. தம்பி, இனி இறங்கும் நேரத்தை டிக்கெட்டில் பார்த்துச் சொல்லாதீர்கள். ஏறும் நேரத்தை முதலில் இந்திய நேரமாக்குங்கள், சிங்கப்பூரிலிருந்து இரண்டரை மணி குறையும். அதோடு பறக்கும் மணிகளைக் கூட்டுங்கள். சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் கோடையில் பன்னிரண்டு மணி வித்தியாசம், குளிர்காலத்தில் பதின்மூன்று. இந்தக் கணக்கில் அது குறுக்கே வராது. அப்புறம், இரண்டு மணிக்கொருமுறை எழுந்து நடங்கள், காலில் இறுக்கமான காலுறை போடுங்கள், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள். மாமனாருக்கு நான் இப்போது அனுப்புவது இவ்வளவுதான்: "உங்க நேரம் மத்தியானம் மூணரைக்கு இறங்குவோம். அஞ்சு மணி வரைக்கும் போன் வரலைன்னா பயப்படாதீங்க மாமா, குடிநுழைவு வரிசையில நிப்போம்."