எண்ணெய்த் திமிங்கலத்தின் தலை எங்கே போனது? மகன் கேட்டதற்குப் பதில் தெரியவில்லை

தேக்கா மீன்காரி எழுதியது:

ஜூன் விடுமுறையில் மகனைக் கூட்டிக்கொண்டு கென்ட் ரிட்ஜில், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனேன். பிரைமரி மூன்று படிக்கிறான். டைனோசர் எலும்புக்கூடு பார்க்கத்தான் கிளம்பினான். அரை மணியில் முடிந்துவிடும், அப்படியே தேக்காவில் இறங்கிக் காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். டைனோசரை அவன் இரண்டு சுற்று சுற்றினான், அவ்வளவுதான். திமிங்கலத்தின் முன்னால் போய் நின்றவன் நகரவே இல்லை.

2015 ஜூலை 10ஆம் தேதி ஜூரோங் தீவுப் பக்கம் செத்து மிதந்த எண்ணெய்த் திமிங்கலம் அது. பெண், 10.6 மீட்டர் நீளம். சிங்கப்பூர் பொன்விழா வருஷம் என்பதால் 'ஜூபி லீ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதுகில் பெரிய காயம், முதுகெலும்பும் முறிந்திருந்ததாம். கப்பல் மோதியிருக்க வேண்டும் என்கிறார்கள். ஆழத்துக்கு முங்குகிற மாதிரி எலும்புகளைக் கோத்து நிறுத்தியிருக்கிறார்கள்.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். படத்தில் இந்தத் திமிங்கலத்துக்குப் பெரிய பெட்டி மாதிரி மொட்டைத் தலை இருக்கிறது, உடம்பில் மூன்றில் ஒரு பங்கு தலைதான். எலும்புக்கூட்டில் அந்தப் பெட்டியைக் காணோம். மண்டை ஓடு முன்பக்கம் முறம் மாதிரி குழிந்து கிடக்கிறது. "தலையை யாராவது வெட்டிட்டாங்களாம்மா?" என்றான். பல்லும் கீழ்த்தாடையில்தான் இருக்கிறது, மேலே ஒன்றுகூட இல்லை. "அப்போ எப்படி மெல்லும்?" அதற்கும் நான் முழித்தேன். இதன் வயிற்றில் 1,800க்கும் மேற்பட்ட கணவாய் அலகுகளும், பிளாஸ்டிக் குவளை, சாப்பாட்டுப் பொட்டலத் தாளெல்லாமும் இருந்ததாம். இதைக் கேட்டதும், "கணவாய்க்கு ஏதும்மா அலகு, அது என்ன கிளியா?"

எனக்கு ஊர் நாகப்பட்டினம். அப்பா விசைப்படகு வைத்திருந்தார். கடலோரத்துப் பெண் என்று வீட்டில் பெருமை பேசுகிறவள் நான். பையனின் கேள்விகளுக்கு "வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்" என்று சமாளித்து வந்திருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மானத்தைக் காப்பாற்றுங்கள்.

பாசிக்குளம் எழுதியது:

அக்கா, பதில் பெயரிலேயே இருக்கிறதே. 'எண்ணெய்'த் திமிங்கலம்! காணாமல்போன பெட்டி முழுக்க எண்ணெயும் கொழுப்பும்தான், அதில் எலும்பே கிடையாது. நீங்கள் முறம் என்று சொன்ன அந்தக் குழியின் மேல்தான் அது உட்கார்ந்திருக்கும். செத்தபிறகு சதையோடு அதுவும் போய்விட்டது, முறம் மட்டும் மிச்சம். இந்த எண்ணெயில் மெழுகுவத்தி செய்வதற்காகவே 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இவற்றைத் துரத்தித் துரத்திக் கொன்றார்கள்.

திமிங்கலத்துக்கு அது எதற்கு என்றால், சத்தத்துக்கு. அப்பா படகில் எதிரொலியை வைத்து ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர் பார்த்திருப்பீர்கள் இல்லையா? அதே வேலைதான். மூக்கின் முன்நுனியில் இருக்கும் உதடு மாதிரியான உறுப்பு 'டக்' என்று ஒரு சத்தம் போடும். சத்தம் எண்ணெய் வழியாகப் பின்னால் போய், மண்டை ஓட்டை ஒட்டியிருக்கும் காற்றுப்பையில் பட்டுத் திரும்பி, கீழே உள்ள கொழுப்பு அடுக்குகள் வழியாக முன்னால் பாயும். எதிரே கணவாய் இருந்தால் எதிரொலி வந்துவிடும். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் சுத்தமாக வெளிச்சமே இருக்காது, கண்ணை நம்பிப் பிழைக்க முடியாது. உயிரினங்கள் எழுப்பும் சத்தங்களில் இதைவிடப் பலமானது வேறு கிடையாது.

பல் விஷயம் வேடிக்கையானது. இவை மெல்லுவதே இல்லை, உறிஞ்சி அப்படியே விழுங்கிவிடும். தாடை கோணிப்போன திமிங்கலங்கள்கூட நன்றாகத் தின்று கொழுத்திருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். கணவாயைப் பிடிக்கப் பல் அவ்வளவு அவசியமில்லை என்றுதான் தோன்றுகிறது. மேல்தாடையில் கீழ்ப்பற்கள் பொருந்திக்கொள்ளக் குழிகள் உண்டு, அடுத்தமுறை போனால் தம்பிக்குக் காட்டுங்கள். மண்டை ஓட்டையும் நேர் எதிரே நின்று பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. மூச்சு விடுவது இடது மூக்குத் துளை வழியாக மட்டும்தான், தண்ணீர்ப்புகையும் இடப்பக்கம் சாய்ந்தேதான் எழும்பும்.

கடைசிக் கேள்வியைத்தான் நம்ப முடியவில்லை. நீங்கள் கணவாய் ஆய்ந்ததே இல்லையா அக்கா? அதன் கைகளுக்கு நடுவில் அமுக்கினால் கருப்பாக ஒன்று பிதுங்கி வருமே?

ஸ்டாம்ஃபோர்டு ரோடு கிழவன் எழுதியது:

உங்கள் மகன் நின்ற மாதிரி நானும் நின்றிருக்கிறேன் அம்மா, 1966இல், பள்ளிக்கூடத்தோடு போனபோது. ஸ்டாம்ஃபோர்டு ரோட்டுப் பழைய மியூசியத்தில் உத்தரத்திலிருந்து 42 அடித் திமிங்கல எலும்புக்கூடு தொங்கும். 1892இல் மலாக்கா பக்கம் கரை ஒதுங்கியது, 1907இலிருந்து அங்கே தொங்கியது. அதற்குப் பல்லே கிடையாது. மேல்தாடையில் சீப்பு மாதிரி தகடுகளை வைத்துக் கடல்நீரை வடிகட்டித் தின்கிற ஜாதி. எங்கள் ஆசிரியர் அதைச் சொல்லவில்லை. 'அண்ணாந்து பார், நட' என்றார்.

அப்புறம் மியூசியத்தில் சரித்திரத்துக்கும் கலைக்கும்தான் இடம் என்றாகி, மிருகங்களையெல்லாம் மூட்டை கட்டினார்கள். 1974இல் திமிங்கலத்தை மலேசியாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது லாபுவானில் இருக்கிறது. எனக்கு அந்தக் கோபம் ரொம்ப நாள் இருந்தது, யாரிடம் சொல்ல? 2015 ஏப்ரலில் நீங்கள் போன இந்தப் புது இடத்தைத் திறந்தார்கள். அப்போதும் திமிங்கலம் இல்லை. மூன்றாம் மாசம் கடலே ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் போட்டது. எண்ணெய்த் திமிங்கலம் சிங்கப்பூர்த் தண்ணீரில் கிடைத்தது அதுதான் முதல் தடவை. பேப்பரில் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரியிடம், "பார், திரும்பி வந்துடுச்சு" என்றேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை.

வேதாரண்யத்தான் எழுதியது:

ஒன்று விட்டுப்போச்சு. நம்ம ஊர்ப் பேப்பரில் மாசத்துக்கு ஒருமுறை 'திமிங்கல எச்சம் பறிமுதல்' என்று வருமே, அந்த அம்பர்கிரிஸ் இந்தக் கணவாய் அலகால் வருகிற சமாச்சாரம்தான். அலகு செரிக்காது. பெரும்பாலானதைத் திமிங்கலம் கக்கிவிடும். சிலதுக்கு மட்டும் குடலுக்குள் இறங்கி, சுற்றிலும் மெழுகு மாதிரி கட்டிக்கொள்ளும். பழைய வைத்தியத்தில் மீனம்பர் என்பார்கள். 'திமிங்கல வாந்தி' என்று எழுதுகிறவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை, உருவாகிறது குடலில்! கரையில் கிடைத்தாலும் தொடாதீர்கள், வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே போகவேண்டியதுதான்.

தேக்கா மீன்காரி எழுதியது:

பாசிக்குளம் தம்பி, தலையில் அடித்துக்கொண்டேன். பத்து வயசிலிருந்து கணவாய் ஆய்கிறேன். வீட்டில் அதைப் 'பல்' என்போம், "கண்ணையும் பல்லையும் எடுத்துப் போடுடி" என்று அம்மா கத்துவார். அலகு என்றதும் அதுதான் இது என்று தோன்றவே இல்லை.

நேற்று தேக்கா சந்தையில் ஒரு கிலோ சோத்தோங், அதாவது கணவாய், வாங்கினேன். பல்லோடு கொடுங்கள், ஆய வேண்டாம் என்றதற்குக் கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். மகன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்துக் கழுவினான். மேல் அலகு, கீழ் அலகு, அச்சாகக் கிளி மூக்கு. பதினான்கு கணவாய், பதினான்கு ஜோடி அலகு. அப்படியானால் 1,800க்கு எத்தனை கிலோ என்று பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். திமிங்கலம் தின்கிற ஆழ்கடல் கணவாயெல்லாம் இதைவிடப் பெரிசாக இருக்குமே என்றேன். கணக்கை அடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தான்.

பெரியவர் ஐயா, லாபுவான் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடி வைத்திருக்கிறான். டிக்கெட் விலை கேட்கிறான். அலகுகள் இப்போது என் ஊறுகாய் பாட்டிலில், ஜன்னலோரம். மாமியார் இன்னும் பார்க்கவில்லை.